புழுவும் மீன்காரனும்

அவனை எல்லாரும் மீன்காரன்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஒருநாள்கூட அவன் மீன் வித்தது கிடையாது. வேலைக்குப் புதுசா வர்றவங்க விஷயம் தெரியாம, "அண்ணே, இன்னிக்கு என்ன மீன்?"னு கேட்டுத் தொலைப்பாங்க. அவனும் முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு, "பெரிய மீனுப்பா. ஆனா உள்ள ஒருத்தர் உக்காந்து தொழுதுக்கிட்டு இருக்காரு, அவர் வெளியே வந்ததும் வெட்டித் தர்றேன்"ம்பான். கேட்டவன் பேந்தப் பேந்த முழிப்பான். எனக்கு அவன் வச்ச பேரு புழு. நடுரோட்டுல நின்னு, நாலு பேர் சிரிக்கிற மாதிரி "டேய் புழு"ன்னு கூப்பிடுவான். நானும் திரும்பிப் பாப்பேன். வேற எவனாவது அப்படிக் கூப்பிட்டிருந்தா பல்லைப் பேத்திருப்பேன்.

எங்க ரெண்டு பேருக்கும் தொட்டி கழுவற வேலை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல்னு எந்தப் பெரிய கட்டடமா இருந்தாலும் அதுக்கு அடியில ஒரு தண்ணித் தொட்டி இருக்கும். நீங்க வாய் கொப்பளிக்கிற தண்ணி அதுலேருந்துதான் மேல ஏறுது. அதுக்குள்ள நாங்க பாத்ததைச் சொன்னா நீங்க வாயே கொப்பளிக்க மாட்டீங்க, வேண்டாம் விடுங்க. முதல்ல தண்ணி வர்ற குழாயை அடைப்போம். மோட்டார் போட்டுத் தண்ணியை இறைப்போம். காத்தடிக்கிற மெஷினைத் தொட்டி வாய்ல வச்சு உள்ள இருக்கிற கெட்ட காத்தை விரட்டுவோம். அப்புறம் ஒருத்தன் ஏணி வழியா இறங்குவான். இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல கயிறு, கையில பிரஷ், நெத்தியில லைட்டு. கயிறோட மறுமுனை மேல நிக்கறவன் கையில. இறங்கறவன் மீன்காரன், மேல நிக்கறவன் நான். அவன் ஆளு ஒல்லி, தோள் குறுகல். நான் அந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சா பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி அடைச்சுக்குவேன்.

மேல நிக்கறவனுக்கு என்ன பெரிய வேலை, கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுதானேன்னு கேட்டுடாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். மேல நிக்கறவன் வாய் ஓயாம பேசணும். உள்ள இருக்கறவன் பதில் சொல்லணும். பதில் நின்னா ஆளை மேல தூக்கணும். மெஷின் இரைச்சல்ல ஒருத்தன் பேசி முடிச்சானா இல்லையான்னு தெரியாது. அதனால பேசி முடிச்சதும் கயிறை லேசா ஒரு இழு இழுக்கணும், உன் முறைன்னு அர்த்தம். விடாம படபடன்னு இழுத்தா, போட்டது போட்டபடி ஏறி வான்னு அர்த்தம். "உங்க வாய்க்கு ஏத்த வேலைதான் கிடைச்சிருக்கு"ன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

அவனும் நானும் ஜோடி சேந்த முதல் நாள்லயே ஒரு கூத்து நடந்துச்சு. "தண்ணி வடிஞ்சுதா?"ன்னு கேட்டேன். "ம்"ன்னான். "பாசி அதிகமா?" "ம்." "வண்டல் முழங்கால் வரைக்கும் இருக்கா?" "ம்." சரியான கல்லுளிமங்கனா இருப்பான் போலன்னு எனக்கு எரிச்சல். அப்புறம் ஏதோ உறுத்துச்சு. "நீ என்ன கழுதையாடா?"ன்னு கேட்டேன். அதுக்கும் "ம்"ன்னான். அவ்வளவுதான். ரெண்டு பேரைக் கூப்பிட்டுச் சேந்து இழுத்து மேல போட்டோம். முகம் வெளுத்துக் கிடந்தான். தண்ணி தெளிச்சதும் கண்ணைத் திறந்து வானத்தைப் பாத்து, "யூனுஸ் நபியை மீன் கக்கின மாதிரி என்னையும் கக்கிடுச்சு"ன்னான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிக்காதே. "யூனுஸாவது ஒண்ணாவது. அது யோனா. எங்க ஆளு"ன்னேன்.

செத்துப் பிழைச்சவன் முழங்கையை ஊனி எழுந்தான். "உங்க ஆளா? எங்க நபிடா அவரு."

"மூணு நாள் மீன் வயித்துக்குள்ள கிடந்தான்."

"நபியை அவன் இவன்னு சொல்லாதே!"

இப்படியே பேச்சு வளர்ந்துச்சு. பேசப் பேச அவன் முகத்துல ரத்தம் ஓட ஆரம்பிச்சுது. அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. மயக்கம் வர்றவன் 'ம்' போடுவான், ஆனா சண்டை போட மாட்டான். மறுநாள்லேருந்து நலம் விசாரிக்கிறதை விட்டுட்டோம். அவன் உள்ள இறங்கினதும் யோனா சண்டையை ஆரம்பிச்சுடுவோம். சண்டை நடக்கிற வரைக்கும் உசிரு இருக்குன்னு அர்த்தம். அவனுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "எங்கள்ல என்ன சொல்லியிருக்கு தெரியுமா? அவர் மட்டும் ஆண்டவனைத் துதிக்கிறதை நிறுத்தியிருந்தா மறுமை நாள் வரைக்கும் அந்த வயித்துக்குள்ளேயே கிடந்திருப்பாராம். வாய்தாண்டா காப்பாத்துச்சு"ன்னான். அன்னிலேருந்து அவன் மீன்காரன்.

சண்டைக்கு ஒரு வரிசை தானா அமைஞ்சுது. முதல்ல நாள் கணக்கு. நான் மூணு நாளும்பேன். "உள்ள யாருடா கடிகாரம் கட்டிக்கிட்டுப் போனா? இருட்டுல கிடக்கறவனுக்கு நாள் தெரியாது. வெளியே நிக்கறவன்தான் எண்ணுவான்"ம்பான். அடுத்தது இருட்டு. ஒரு இருட்டு இல்லையாம், இருட்டுக்கு மேல இருட்டு, அதுக்கு மேல இருட்டாம். தொட்டிக்குள்ளேருந்து அவன் அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உதறும். அப்புறம் அவருக்கு நிழலா முளைச்ச செடி. எங்க வேதத்துல அது ஆமணக்கு. அவங்களுதுல சுரைக்கொடி. "ஆமணக்கு நிழல்ல படுத்தா வயித்தாலதாண்டா போகும்"பான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு கேள்விப்பட்டதில்லையா?"ம்பேன் நான்.

கடைசியாத்தான் புழு. யோனா எச்சரிக்கப் போன ஊரு திருந்திடுது, ஆண்டவர் மன்னிச்சுடறார், அது ரெண்டு கதையிலயும் இருக்கு. எங்க கதையில அந்தச் செடியைப் பாத்து யோனாவுக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம். மறுநாள் விடியும்போது ஆண்டவர் ஒரு புழுவை அனுப்பறார். புழு அரிச்சு செடி வாடிப்போயிடுது. வெயில் தலையில அடிக்க, செத்தாத் தேவலைன்னு யோனா உக்காந்துடறான். அவங்க கதையில புழுவே கிடையாது. சீக்கா வெறும் கரையில விழுந்து கிடந்தவர் மேல கொடி முளைக்குது, நிழல் குடுக்குது, அதோட சரி. புழு இல்லாம கதையில என்னடா இருக்குன்னு நான் கத்துவேன். "ஊரையே மன்னிச்ச ஆண்டவன் ஒரு செடியை விட்டுவைக்க மாட்டானா? புழுவை அனுப்பினாராம் புழுவை! உன்னை மாதிரி ஒரு புழுவை!"ன்னு கீழேருந்து சத்தம் வரும். அப்படித்தான் நான் புழு ஆனேன்.

அதுக்கு அப்புறம் ஒண்ணு பாக்கி இருக்கும். எங்க கதை ஒரு கேள்வியோட முடியுது. இந்தச் செடிக்காக நீ இவ்வளவு வருத்தப்படறியே, அத்தனை பேர் இருக்கிற ஊருக்காக நான் வருத்தப்பட வேண்டாமான்னு ஆண்டவர் கேக்கறார். யோனா என்ன பதில் சொன்னான்னு எழுதலை. மீன்காரனுக்கு அதுல பயங்கர நக்கல். "பதில் வரலைன்னா கயிறை இழுத்திருக்க வேண்டியதுதானே!"ம்பான். சொல்லிட்டு அவனே சிரிப்பான். தொட்டி முழுக்க அந்தச் சிரிப்பு சுத்தி வரும்.

"உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? ரெண்டு பக்கமும் பொதுவா எத்தனை பேர் இருக்காங்க"ன்னு எங்க சூப்பர்வைசர் ஒருதடவை அலுத்துக்கிட்டார். முயற்சி பண்ணாமலா இருந்தோம்? யோசேப்பை எடுத்தோம். அண்ணன்காரங்க கிணத்துல தள்ளற இடம் வந்ததுமே உள்ள இருக்கறவன் வேற ஆளை எடுடான்னு ஏணியைப் பிடிச்சுட்டான். மரியாளை எடுத்தோம். அவங்க மரியம்னு சொல்லுவாங்க. அந்தம்மா பேரை எடுத்ததும் ரெண்டு பேருக்கும் மரியாதை வந்துடுச்சு. மரியாதை வந்தா பேச்சு குறையும், பேச்சு குறைஞ்சா ஆளு காலி. சரி, நமக்கு யோனாவே போதும்னு விட்டுட்டோம்.

மீன்காரன் கதையைச் சொல்லணும்னா பெருசா ஒண்ணுமில்லை. அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். அக்காங்களுக்குக் கல்யாணம், தங்கச்சிக்குக் கல்யாணம்னு ஓடி ஓடி, தன்னோட முறை வந்தப்ப தலை நரைச்சிருந்துச்சு. "இனிமே எவ என்னைக் கட்டிக்குவா? கட்டிக்கிட்டாலும் பாசி வாடைக்கு ஓடிடுவா"ன்னு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டான். அக்கா பசங்க நாலு பேரையும் அவன்தான் படிக்க வச்சான். ஆரம்பத்துல தினமும் "மாமா, மாமா"ன்னு போன் வரும். அப்புறம் அவன் போனை எடுக்கிறதை நிறுத்திட்டான். நம்ம மாமாவுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சுன்னு அவங்களும் விட்டுட்டாங்க. டீக்கடையில எல்லார் கூடவும் நிக்கறதையும் விட்டுட்டான். கிளாசை எடுத்துக்கிட்டுத் தனியாப் போய்ச் சுவத்துல சாஞ்சுக்குவான். நான் பேசினா மட்டும் என் மூஞ்சியையே உத்துப் பாப்பான். நம்ம மேல இவனுக்கு எவ்வளவு பிரியம்னு நானும் உச்சி குளிர்ந்து போயிடுவேன்.

அவன் இருந்த ரூம் ஒரு தகரப் பட்டறைக்கு மேல. பக்கவாட்டுல இரும்புப் படிக்கட்டு, மேல ஒரு கதவு, கதவை ஒட்டி கம்பி போட்ட ஜன்னல். கீழ நாள் பூரா தகரம் வெட்டுவாங்க. பல்லு கூசும். அந்த ரூமுக்கு வந்தவன் எவனும் ஒரு மாசம் தாங்கினதில்லை. இவன் மட்டும் மத்தியானம் படுத்து நிம்மதியாத் தூங்குவான். "எப்படிடா?"ன்னு கேட்டா, "பழகிப்போச்சு"ம்பான். எனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்திருந்தா அன்னிக்கே யோசிச்சிருப்பேன்.

என் வீட்டுக்காரி அவனை வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிடுவா. அவ கண்ணை மூடின அன்னிக்கு வந்து, நான் உக்காந்திருந்த பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்தான். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. பையன் தூரத்துல இருக்கான். போன் பண்ணி "சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு கேப்பான், நான் "சாப்பிட்டேன்"பேன், அதோட பேச்சு முடிஞ்சுடும். என் பேச்சைக் கேக்கறதுக்குன்னு இந்த உலகத்துல ஒருத்தி இருந்தா. அவ போனதுக்கப்புறம் எனக்கு இருந்தது தொட்டியோட வாய் மட்டும்தான்.

நேருக்கு நேர் உக்காந்து ஒரு ஆம்பளைகிட்ட அழ எனக்கு வராது. ஆனா தொட்டி இருட்டா இருக்கும், உள்ள இருக்கறவன் மூஞ்சி தெரியாது, மெஷின் இரைச்சல்ல பக்கத்துல போறவனுக்கும் ஒண்ணும் கேக்காது. அதனால யோனா சண்டைக்கு நடுவுல என் கதையைச் சொருகிவிடுவேன். "வீட்டுக்குப் போனா விளக்கு போட ஆளில்லைடா"ன்னு சொல்லிக் கயிறை இழுப்பேன். "அவ சேலையை என்ன பண்றதுன்னே தெரியலைடா"ன்னு சொல்லிக் கயிறை இழுப்பேன். கீழேருந்து பதில் வரும். "வெறும் கரையில சீக்கா விழுந்து கிடந்தவருக்கு மேல கொடி முளைச்சுதுல்லடா? அது போதாதா?"

வரிசைப்படி அந்த இடத்துல கொடி வராது. நாள் கணக்கு பேசிக்கிட்டு இருப்போம், இல்லைன்னா இருட்டு. அதை விட்டுட்டுத் தாவி வந்து கொடியைச் சொல்லுவான். அதனாலதான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நம்ம சொன்னதைக் காது குடுத்துக் கேட்டு, யோசிச்சு, நமக்குன்னு எடுத்துச் சொல்றான்னு நினைச்சேன். அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு ராத்திரியைத் தள்ளிடுவேன். பொய் சொல்லலை, அவ போனதுக்கப்புறம் என்னைப் பிடிச்சு நிறுத்தி வச்சது அதுதான். அது மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியாது.

அவ போய் வருஷம் திரும்பின அன்னிக்கு ஒரு ஆபீஸ் கட்டடத்துல வேலை. லீவு போடலாம்னு பாத்தேன். வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இதுவே மேல்னு வந்துட்டேன். காலையிலேருந்து மனசுல அந்தப் புழுவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருஷமா அந்தப் புழுவுக்காக வாய் கிழியக் கத்தியிருக்கேன். நிழலைக் குடுத்துட்டு, சந்தோஷப்பட விட்டுட்டு, மறுநாளே அரிக்க விட்டா அது என்ன நியாயம்? எனக்கு அந்தப் புழு வேண்டாம்னு தோணிடுச்சு. அன்னிக்கு நான் அழலை. அழுது முடிச்சவன் மாதிரி நிதானமா இருந்தேன். மீன்காரன் உள்ள இறங்கினான், ஒரு சுத்து சண்டை போச்சு, புழு வர்ற இடம் வந்துச்சு.

நான் தொட்டி வாய்கிட்ட குனிஞ்சு சொன்னேன். "மீன்காரா, புழு வேண்டாம்டா. நான் விட்டுக்குடுத்துட்டேன். உன் கதையே இருக்கட்டும். கொடி முளைச்சுது, நிழல் குடுத்துது, அதோட நிறுத்திக்குவோம்."

கயிறை இழுத்தேன். பிரஷ் தேய்க்கிற சத்தம் நின்னுச்சு.

"ஊரையே மன்னிச்ச ஆண்டவன் ஒரு செடியை விட்டுவைக்க மாட்டானா? புழுவை அனுப்பினாராம் புழுவை! உன்னை மாதிரி ஒரு புழுவை!"

அதே வரி, அதே சிரிப்பு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தன்கிட்ட விட்டுக்குடுக்கறேன், அதுவும் இந்த நாள்ல, இவன் நக்கல் பண்றானேன்னு. "டேய், விளையாடாதே, அவ போன நாள்டா இன்னிக்கு!"ன்னு கத்தி இழுத்தேன்.

"பதில் வரலைன்னா கயிறை இழுத்திருக்க வேண்டியதுதானே!"ன்னு பதில் வந்துச்சு. ஹஹ்ஹஹான்னு சிரிப்பு.

நான் சொன்னதுக்கும் இவன் சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லையேன்னு சந்தேகம் தட்டுச்சு. வாயை மூடிக்கிட்டுக் கயிறை மட்டும் இழுத்தேன்.

"உள்ள யாருடா கடிகாரம் கட்டிக்கிட்டுப் போனா?"

மறுபடியும் வாயைத் திறக்காம இழுத்தேன். இருட்டுக்கு மேல இருட்டுன்னு ஆரம்பிச்சான். நான் ஒண்ணுமே சொல்லாத பேச்சுக்கு அவன் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தான். "தண்ணி வருதுடா! ஏறி வா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கீழ பிரஷ் பாட்டுக்கு நிதானமாத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. செவிடன் காதுல ஊதின சங்குன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் அந்தப் பழமொழி என் வாயில வந்ததே இல்லை.

படபடன்னு கயிறை இழுத்தேன். ஏறி வந்தான். நெத்தி லைட்டு எரிஞ்சபடியே என் மூஞ்சியைப் பாத்தான்.

"தெரிஞ்சுபோச்சா?"ன்னான்.

தொட்டி விளிம்புலயே உக்காந்துட்டோம். அவன் என் உதட்டைப் பாக்கிற மாதிரி திரும்பி உக்காந்துக்கிட்டான். "மெதுவாச் சொல்லு, பாதி புரியும்"னான். எப்பலேருந்துன்னு கேட்டேன்.

"ஒரே நாள்ல போகலைடா. முதல்ல குருவிச் சத்தம் போச்சு. அப்புறம் பள்ளிவாசல் பாங்கு போச்சு. அக்கா பசங்க போன்ல பேசறது போச்சு. உன் சத்தம்தான் கடைசியாப் போச்சு. எவ்வளவு பெரிய வாய் உனக்கு!"

"டாக்டரைப் பாக்க வேண்டியதுதானே, நாயே!"

"பாத்தேன். காதுல மெஷின் வைக்கலாம்னார். மெஷின் வச்சவனைத் தொட்டியில விடுவாங்களா? சொன்ன அன்னிக்கே வேலை போயிடும். வேலை போச்சுன்னா என்கிட்ட யாருடா சண்டை போடுவா? உன் வரி எல்லாம் எனக்கு மனப்பாடம். கயிறு இழுத்தா என் வரியைச் சொல்லணும், அவ்வளவுதானே?"

அவன் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். கோவமா, அழுகையான்னு எனக்கே தெரியலை. "நான் அத்தனை சொன்னேனேடா. அவளைப் பத்தி, வீட்டைப் பத்தி. ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கலை."

அப்ப நான் பேசினதெல்லாம் வெறும் இருட்டுகிட்டத்தான். ஒரு வருஷம் ஒருத்தன் கேக்கறான்னு நம்பித்தான் உசிரோட இருந்தேன், அங்க கேக்கறதுக்கு ஆளே இல்லை. இப்ப நினைச்சாலும் அந்த நிமிஷம் மாதிரி நான் எப்பவும் தனியா நின்னதில்லை. அவ போன அன்னிக்குக்கூட இல்லை.

"அப்புறம் ஏண்டா வரிசை மாத்திக் கொடியைச் சொன்னே?"ன்னு கேட்டேன்.

அவன் பெல்ட்டுலேருந்து கயிறைக் கழட்டிக்கிட்டே சொன்னான். "நீ அழுதா கயிறு நடுங்கும்டா. என் இடுப்புல தெரியும். நீ என்ன சொல்றேன்னு தெரியாது, ஏதோ தாங்க முடியாததைச் சொல்றேன்னு தெரியும். அப்பல்லாம் கொடியைச் சொன்னேன். அதைவிட நல்லதா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுடா. இன்னிக்குக் கயிறு நடுங்கலை, அதான் புழு வந்துடுச்சு."

அப்புறம் அவன் மூஞ்சிக்கு நேரா, வார்த்தை வார்த்தையா, புழுவை விட்டுட்டேன்னு சொன்னேன். அவனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "விட்டுட்டியா? அது உங்க வேதத்துல இருக்குடா. விடறதுக்கு உனக்கு யார் அதிகாரம் குடுத்தா? நீ விட்டுட்டா அப்புறம் நாம என்னத்தைப் பேசறது?"ன்னு சீறினான். புழுவுக்காக அவன் வாதாடி நான் பாத்தது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் அவன் தொட்டியில இறங்கலை. நான் ஒண்ணும் சொல்லலை, அவனாத்தான் சொன்னான். "ஒருநாள் நிஜமாவே தண்ணி வரும். நீ மேல நின்னு கத்துவே, நான் கீழ புழுவைத் திட்டிக்கிட்டு நிப்பேன். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்"னான். சூப்பர்வைசர்கிட்ட முட்டி வலின்னு சொல்லிட்டு நின்னுட்டான். காதைப் பத்தி மூச்சுவிடலை. போகும்போது என்ன வேணும்னு அவர் கேட்டதுக்கு, எங்க பழைய கயிறைக் கேட்டான். "கயிறா? துணி காயப்போடவா?"ன்னு அவர் சிரிச்சார். இவனும் ஆமான்னு தலையாட்டிக்கிட்டுக் கயிறைச் சுருட்டித் தோள்ல மாட்டிக்கிட்டுப் போனான்.

எனக்கு வேற ஜோடி போட்டாங்க. நல்ல மனுஷன், வேலைக்காரன். கையில வயர்லெஸ் குடுத்திருக்காங்க. நான் கேட்டா "ஓகே"ம்பான். அடுத்ததுக்கும் "ஓகே." யோனா தெரியுமான்னு ஒருநாள் கேட்டேன். "ஓகே அண்ணே"ன்னான். வயர்லெஸ்ஸைத் தூக்கித் தொட்டிக்குள்ளேயே போடலாம்னு வந்துச்சு.

மீன்காரனைப் பாக்கப் போனேன். இரும்புப் படி ஏறிக் கதவைத் தட்டினேன். தட்டினா அவனுக்கு எப்படிக் கேக்கும்? கேக்காதுன்னு தெரிஞ்சும் கதவே பேந்து வர்ற மாதிரி இடிச்சேன். பட்டறையில தகரம் வெட்டறவன் எட்டிப் பாத்து, "சார், அவர் யாருக்கும் திறக்க மாட்டார், ஒரு மாதிரியான ஆளு"ன்னான். அவனைக் கண்டபடி ஏசிட்டு இறங்கி வந்துட்டேன். அடுத்த தடவை ஜன்னல் வழியாப் பாத்தேன். ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, கட்டில்ல முதுகைக் காட்டி உக்காந்திருந்தான். கையை ஆட்டினேன், சாவிக்கொத்தால கம்பியைத் தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பலை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில ரெண்டு சட்டை, அவன் முதுகு. அதைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. வீட்டுக்கு வந்து விளக்கு போடாம படுத்துட்டேன்.

ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ள போட்டிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் வேதமெல்லாம் காதால கேட்டது.

இந்த வாரம் மறுபடியும் போனேன். இதுதான் கடைசி, இதுக்கு மேல நமக்கு முடியாதுன்னு எனக்குள்ள சொல்லிக்கிட்டேதான் படி ஏறினேன். சாயங்கால நேரம், பட்டறையில வேலை முடிஞ்சு அமைதியா இருந்துச்சு. மேல போய் நின்னா, ஜன்னல் கம்பி வழியா எங்க கயிறோட நுனி வெளியே தொங்கிக்கிட்டு இருக்கு.

உள்ள எட்டிப் பாத்தேன். அதே கட்டில், அதே முதுகு. இடுப்புல பழைய பெல்ட்டு. கயிறோட மறுமுனை அதுல கட்டியிருக்கு. வீட்டுக்குள்ள, தொட்டியும் இல்லாம தண்ணியும் இல்லாம, இடுப்புல கயிறைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான். யாராவது வந்து இழுப்பாங்கன்னு எத்தனை நாளா அப்படி உக்காந்திருந்தானோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கயிறைக் கையில எடுத்தேன். நாள் கணக்குலேருந்து ஆரம்பிக்கணும், அதுதான் வரிசை. "மூணு நாள்டா"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வாய் கோணிக்கிட்டுச் சத்தமே வரலை. சும்மா கயிறை மட்டும் ஒரு இழு இழுத்தேன்.

அவன் முதுகு நிமிந்துச்சு. திரும்பலை. அந்த ரூம் முழுக்க அடிக்கிற மாதிரி பெரிய சத்தத்துல அவன் குரல் வந்துச்சு.

"வெறும் கரையில சீக்கா விழுந்து கிடந்தவருக்கு மேல கொடி முளைச்சுதுல்லடா? அது போதாதா?"

"போதும்டா"ன்னேன். அவனுக்குக் கேக்கலை. கயிறை இழுத்தேன்.